நாற்பத்தாறு மூட்டையும் ஒரு மொட்டைச் சுவரும்

எங்கள் தெருவில் கடந்த சில வருடங்களில் எழும்பிய புது வீடுகள் பதினொன்று. அவற்றில் ஏழு வீடுகளில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் கிடையாது. அந்த ஏழில் ஐந்து வீட்டுக்காரர்கள் பெரிய ஸ்பீக்கர் வாங்கி வைத்திருக்கிறார்கள். மாலையில் நடக்கப் போகும்போது ஐந்து வீட்டுச் சத்தமும் எனக்குக் கேட்கிறது. ஒரு வீட்டிலிருந்தாவது பாட்டின் சொல் கேட்கிறதா என்றால், இல்லை. இடி இடிக்கிறது, யாரோ அழுகிறார்கள், அவ்வளவுதான். இதைப் பற்றி வீட்டில் புலம்பினால், "ஒங்களுக்குக் காது மந்தமாயிடுச்சு" என்கிறாள் என் மனைவி. காது டாக்டரிடம் போய்ப் பரிசோதித்து, அவர் கொடுத்த சீட்டையும் அவளிடம் காட்டிவிட்டேன். காதில் ஒரு குறையும் இல்லை. வீடுகளில்தான் குறை.

இன்னும் தொழிலில் இருக்கும் பழைய கூட்டாளிகள், சுவர் இல்லாத வீட்டில் என்னதான் செய்வது என்று போனில் கேட்கிறார்கள். சொன்னதையே நாலு பேரிடம் நாலு தடவை சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. ஆகவே எழுதி வைக்கிறேன்.

இயற்பியலில் பட்டம் வாங்கி, ஐந்து வருடம் வேலை தேடி அலுத்துப்போய், எண்பத்தொன்பதில் தேரடி வீதிக்குப் பின்னால் இருந்த ஒரு ரேடியோ கடையில் சேர்ந்தேன். முதல் மூன்று வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சால்டரிங் கோலில் கையைச் சுட்டுக்கொண்டேன். கார்த்திகை தீபத்துக்கும் கிரிவலப் பௌர்ணமிக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்ட ஏணி ஏறினேன். வெட்டவெளியில் போன சத்தம் போனதுதான், திரும்பி வராது. வீட்டுக்குள் அது சுவரில் மோதித் திரும்பி வந்து வம்பு பண்ணும். படித்த படிப்பில் இதெல்லாம் இருந்தது. ஆனால் உண்மையில் புரிய மூன்று வருடம் பிடித்தது.

கடை முதலாளியை எல்லோரும் நயினார் என்றே அழைப்போம். வந்தவாசிப் பக்கத்துச் சமண விவசாயக் குடும்பம். என்னைவிட மூன்றே வயது பெரியவர். ஒரு சத்தத்தைக் கேட்கும்போது வாயைத் திறக்க மாட்டார். சட்டையின் இரண்டாவது பொத்தானைத் திருகிக்கொண்டே நிற்பார். நன்றாக இருந்தால் "ம்" என்பார். இல்லாவிட்டால் என்னைப் பார்த்து, "டீ சாப்ட்டு வா" என்பார். போய்விட்டு வந்து முதலிலிருந்து தொடங்கு என்று அர்த்தம். முதல் வருடத்தில் மட்டும் நான் குடித்த டீ இருநூற்று எட்டு.

பொழுது சாய்வதற்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். விளக்கு வைத்தபின் ஒரு பருக்கை தொட மாட்டார். அதனால் கேட்கும் வேலை எதுவும் ஐந்தரைக்கு மேல் போகாது. மற்ற கடைக்காரர்கள் ஊர் அடங்கிய பிறகு போய், அமைதியில் சரிசெய்வார்கள். நாங்கள் மிக்சி ஓட, மாடு கத்த, பஸ் ஹாரன் அடிக்க, பட்டப்பகலில் சரிசெய்தோம். பகலில் சரியாக இருப்பது எப்போதும் சரியாக இருக்கும்.

ஒருமுறை செங்கம் சாலையில் ஒரு வெளிநாட்டு அம்மாள் கூப்பிட்டிருந்தார். மாடியில் ஒரே நீள அறை. கட்டில், அடுப்பு, புத்தகம் எல்லாம் அதிலேயே. தன் டேப் ரெக்கார்டர் எந்நேரமும் "உம்" என்று முனகுகிறது, தியானம் கெடுகிறது என்று கண் கலங்கினார். நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துவிட்டேன். நயினார் என் கையைப் பிடித்து நிறுத்தி, பொத்தானைத் திருகிக்கொண்டு இருபது நிமிடம் நின்றார். பிறகு ஒரு பழைய சைக்கிள் டியூபை நாலாக வெட்டி, ஃபிரிட்ஜின் நாலு காலுக்கும் அடியில் வைத்தார். முனகல் நின்றது. டேப் ரெக்கார்டரின் பிளக்கை அந்த அம்மாள் மாட்டியிருக்கவே இல்லை.

இனி முறை. முதலில், ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன்பே, அதை வைக்கப்போகும் இடத்தில் ஒரு ஆளை நிறுத்த வேண்டும். அவர் கையில் இருபது ஊர்ப் பெயர் எழுதிய சீட்டு இருக்கும். போளூர், சேத்துப்பட்டு, கீழ்பென்னாத்தூர், தண்டராம்பட்டு என்று முன்பின்னாக எழுதியிருப்போம். சாதாரணக் குரலில் அவர் படிக்க, வீட்டின் மறுகோடியில் இருப்பவர் கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும். இருபதில் பதினைந்தாவது வந்தால் அந்த வீட்டில் ஸ்பீக்கர் பாடும். பாட்டுப் போட்டுப் பார்க்கக் கூடாதா என்று கேட்பார்கள். கூடாது. தெரிந்த பாட்டாக இருந்தால் கேட்காத சொல்லையும் கேட்டதாகக் காது பொய் சொல்லும்.

பிறகு ஸ்பீக்கரை வைத்து, ஒயரில் டார்ச் செல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் ஒரே திசையில் வெளியே துள்ள வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும். மூலையில் வைக்கக் கூடாது. சுவரிலிருந்து இரண்டடி. உயரம், உட்கார்ந்தவர் காது அளவு. கடைசியாக அதே சீட்டை மைக்கில் படித்து, மறுபடி இருபதுக்கு எத்தனை என்று எண்ண வேண்டும்.

இத்தனையும் தெரிந்துதான் அடி அண்ணாமலையில் மாட்டிக்கொண்டேன்.

தொண்ணூற்றேழு வாக்கில் இருக்கும். ஏழுமலை வாத்தியார் என்று ஒருவர். கணக்கு வாத்தியார், கிரிவலப் பாதையை ஒட்டி மூன்று காணி நிலமும் உண்டு. புது வீடு கட்டியிருந்தார். பெங்களூரில் வேலை பார்த்த அவர் மைத்துனன் வரைந்து கொடுத்த வீடு. ஹால், சாப்பிடும் இடம், சமையல் மேடை எல்லாம் ஒன்றே. நடுவில் ஒரு தூண்கூட இல்லை. மாடிப்படி ஹாலிலிருந்தே ஏறும். ஒரு பக்கச் சுவர் மாடிக் கூரை வரை இருபது அடிக்கு ஜன்னல் இல்லாமல் மொட்டையாக நின்றது. அந்தப் பக்கத்தில் அப்போது அப்படி ஒரு வீடு கிடையாது. நயினார் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால் என்னை அனுப்பினார். வீட்டு வேலைக்கு நான் தனியாகப் போனது அதுவே முதல் தடவை.

போனதும் என் வழக்கப்படி எல்லாவற்றையும் எண்ணி நோட்டில் எழுதினேன். தரைக்கல் முந்நூற்றுப் பன்னிரண்டு, படி பதினேழு, ஜன்னல் ஒன்பது, ஃபேன் மூன்று, நாற்காலி ஐந்து, மொட்டைச் சுவரோரம் அடுக்கிய நிலக்கடலை மூட்டை நாற்பத்தாறு. கையைத் தட்டினேன். சத்தம் தட்டிய இடத்திலேயே அடங்கியது. அருமையான வீடு என்று எழுதிக்கொண்டேன். வாத்தியார் மைக்கில் சீட்டைப் படித்தார். சமையல் மேடையில் அவர் மனைவி மல்லிகா எழுதினார். இருபதுக்குப் பதினெட்டு.

"அவ்ளோ தெளிவா கேக்குதாம்மா?" என்றேன்.

"பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி கேக்குதுங்க" என்றார் மல்லிகா. "பதினாறு வருசம் பழைய வூட்டு சமையக்கட்டுல பொகையில கெடந்தேன். இவங்கள்லாம் கூடத்துல ஒக்காந்து சிரிப்பாங்க. கரண்டியோட ஓடியாந்து 'இன்னா இன்னா'ன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல போ'ன்னுவாங்க. சுவரே வேணாம்னு என் தம்பிகிட்ட நான்தான் சொன்னேன்."

"ஆமா, சொன்னா" என்றார் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமியார் பச்சையம்மா. "வந்தவங்க போனவங்கல்லாம் இவ கொழம்ப எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. சமைக்கிற எடத்துக்குச் சுவரு இல்லாத வூடு இன்னா வூடு?"

நான் சிரித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினேன். சிரித்திருக்கக் கூடாது.

மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, கடைக்குப் போன் வந்தது. வாத்தியார்தான். "ரேடியோக்காரரே, ஒண்ணும் வெளங்கல. வந்து பாருங்க."

போனேன். வாசலில் காலை வைத்ததுமே பச்சையம்மா பிடித்துக்கொண்டார். "இன்னாய்யா மாட்டிட்டுப் போன நீ? கெணத்துல வுழுந்தவன் கூப்புடுற மாதிரி கீது."

சீட்டைப் படித்துப் பார்த்தோம். இருபதுக்கு ஆறு. ஒயரை மாற்றினேன். டார்ச் செல்லைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒழுங்காகத் துள்ளின. கடைக்குப் போய் வேறு ஆம்ப்ளிஃபையரைக் கட்டி எடுத்து வந்தேன். ஆறு. சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். நாலு ஆகிவிட்டது.

வாத்தியார் நிதானமாகச் சொன்னார். "ஒங்க மேல தப்பு இல்ல சார். வூட்டு மேலதான் தப்பு. நாலு பக்கம் அடைச்சாத்தான் பாட்டு நிக்கும். சமையல் மேடைக்கும் ஹாலுக்கும் நடுவுல சுவர் எழுப்பிடப் போறேன். முனுசாமி கொத்தனார திங்கக்கெழமை வரச் சொல்லிட்டேன். செங்கல் வந்து எறங்கிடுச்சு."

மல்லிகா ஒரு துணியை நனைத்துப் பிழிந்தார். அடுப்பைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "ஒங்களால முடியலைன்னா, இன்னும் யார்னா பெரிய ஆளு இருந்தா கூட்டியாங்க சார். ரெண்டு நாள்தான் இருக்குது. சுவரு வந்துட்டா நான் பழையபடி உள்ளதான்."

ஸ்பீக்கருக்காக ஒருத்தர் வீட்டில் சுவர் எழும்பப்போகிறது என்ற நினைப்போடு நேரே நயினாரிடம் போய் நின்றேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு நயினார் என்னோடு வந்தார். ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கையைத் தட்டினார். பொத்தானைத் திருகினார். டீ சாப்பிடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "நோட்டக் குடு" என்றார்.

கொடுத்தேன். மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். "படி பதினேழு, சரி. நாற்காலி அஞ்சு, சரி. மூட்டை நாப்பத்தாறுன்னு எழுதியிருக்கியே. எங்க?"

நான் மொட்டைச் சுவரைப் பார்த்தேன். பளபளவென்று சுண்ணாம்பு பூசிய வெறும் சுவர்.

"மல்லாட்டைங்களா? வெல வந்துச்சு, போன வாரம் வித்துட்டேன்" என்றார் வாத்தியார். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர்.

பச்சையம்மா கட்டிலில் உருண்டு சிரித்தார். "அப்ப இத்தினி நாளு மல்லாட்டதான்டா பாட்ட வாங்கிக்னு இருந்துச்சு!"

சிரித்தாலும் அவர் சொன்னதுதான் சரி. கோணியும், உள்ளே ஓட்டோடு இருக்கும் கடலையும், நடுவில் காற்றும். மோதிய சத்தத்தை அது அப்படியே விழுங்கிவிடும். மூட்டை போனதும் சத்தம் வெறும் சுவரில் மோதி, மாடிப்படி ஏறி இறங்கி, தாமதமாக வந்து அடுத்த சொல்லின் மேல் விழுந்தது. சத்தத்தைக் கூட்டினால் சுவரும் சேர்ந்து கத்துகிறது. மூட்டைகளை ஒன்று விடாமல் எண்ணியவன் நான். அவை இல்லாததைக் கவனிக்காதவனும் நானேதான். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பட்டதாரி வேறு.

"அதுக்காக வருசம் பூரா மல்லாட்டைய விக்காம வெச்சிருக்க முடியுங்களா?" என்று கேட்டார் வாத்தியார். நியாயமான கேள்வி.

நயினார் மல்லிகாவைப் பார்த்து, "வூட்ல பழைய கோணி எத்தினி இருக்கும்மா?" என்றார்.

"வேணுங்கிற அளவு இருக்குதுங்க. பொடவ வேணுமா? பழைய நூல் பொடவ ஒரு டிரங்குப் பெட்டி நெறைய இருக்குது."

முதலில் ஸ்பீக்கர்களை இடம் மாற்றினோம். நான் அவற்றை மொட்டைச் சுவருக்கு நேர் எதிரே, அதை முறைத்துப் பார்க்கும்படி வைத்திருந்தேன். அவற்றை ஒன்பதடி முன்னால் கொண்டுவந்து, முகத்தைச் சமையல் மேடைப் பக்கம் திருப்பினோம். சத்தத்தைப் பாதியாகக் குறைத்தோம். பதினொன்று வந்தது. தரையில் ஒரு ஜமுக்காளம் விரித்தோம். பதின்மூன்று. மணி ஐந்தாகிவிட்டது. நயினாரின் வழக்கத்தை நான் சொல்லியிருந்ததால் மல்லிகா அதற்குள் இலை போட்டிருந்தார். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் சேராத கூட்டும் ரசமும். அவசரத்திலும் அவ்வளவு யோசித்துச் செய்திருந்தார். நயினார் வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டு எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மரச்சட்டம் செய்தோம். கட்டட வேலையில் மிஞ்சிய ரீப்பர் கட்டையை ஆறடிக்கு மூன்றடி அறுத்து, கோணியை நாலாக மடித்து அடித்து, மேலே நூல் புடவையைச் சுற்றி இழுத்துக் கட்டினோம். எட்டுச் சட்டம், ஆணி நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஒவ்வொரு கோணியையும் வெயிலில் உதறி விரித்துக் கால் மணி நேரம் காத்திருந்துதான் ஆணி அடிக்க விட்டார் நயினார். "எறும்பு, பூச்சி எதுனா இருக்கும். அதது எறங்கிப் போவட்டும்" என்றார். எனக்குக் கை பரபரத்தது. மறுநாள் கொத்தனார் வருகிறார், இவர் எறும்புக்கு நேரம் கொடுக்கிறார்.

சட்டங்களைச் சுவரோடு ஒட்ட மாட்டாமல், நாலு விரல் இடைவெளி விட்டு மாட்டச் சொன்னார். பின்னால் காற்று நிற்க வேண்டுமாம். மாட்டி முடித்துக் கையைத் தட்டினேன். சத்தம் அடங்கியது. சீட்டைப் படித்தோம். பதினேழு. நயினார் "ம்" என்றார். "நாளைக்கு நீ மட்டும் போ, போதும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

என் கவலை அப்போதுதான் தொடங்கியது. அந்தச் சீட்டை மல்லிகா மூன்று நாளில் பதினான்கு தடவை கேட்டிருந்தார். மனப்பாடமே ஆகியிருக்கும். அந்தப் பதினேழில் காதுக்கு எத்தனை, ஞாபகத்துக்கு எத்தனை?

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போனேன். முனுசாமி கொத்தனார் கரணையோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் செங்கல் இருநூற்று நாற்பது. வாத்தியாருக்கும் என் சந்தேகமே வந்திருந்தது. "ஒங்க சீட்டு செல்லாது சார்" என்று பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டார். "ஆறாம் வகுப்பு. இருபது பேரு. இவளுக்கு ஒருத்தனையும் தெரியாது. பதினஞ்சு வந்தா சுவர் வேணாம். ஒண்ணு கொறைஞ்சாலும் வேலைய ஆரம்பிச்சிடுவோம். இன்னா மல்லிகா?"

"படிங்க" என்றார் மல்லிகா. காலண்டர் தாளின் பின்பக்கத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தார்.

"அடுப்ப அணைச்சுட்டு எழுதுங்கம்மா" என்று கெஞ்சினேன்.

"தெனம் அடுப்பு எரியும்போதுதான சார் கேக்கணும்?" என்றவர் கடுகையும் போட்டுவிட்டார். அது படபடவென்று வெடித்தது.

வாத்தியார் மைக்கில் படித்தார். வகுப்பில் படிப்பது போலில்லாமல், வேண்டுமென்றே மெதுவான குரலில் படித்தார். பன்னிரண்டு பெயர் ஆனது. கொத்தனார் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். வாத்தியார் அவர் பக்கம் குனிந்து எதையோ முணுமுணுத்துவிட்டு, மீதி எட்டையும் படித்தார். நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படித்து முடித்ததும் மல்லிகா தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். வாத்தியார் சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பழக்கம். ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்றாவது தப்பு. நாலு, ஐந்து, ஆறு சரி. நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணினேன். பன்னிரண்டு வரை பதினொன்று சரி. பதின்மூன்றில் பேனா நின்றுவிட்டது.

"இன்னாடா நிறுத்திட்ட? இன்னா எழுதிகீறா?" என்றார் பச்சையம்மா.

வாத்தியார் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "சத்தமாப் படிடா" என்று அம்மா அதட்டியதும் படித்தார்: "'இவளுக்குப் பதினஞ்சுலாம் வராது. நீ போய் மண்ணக் கலக்கு.'"

பென்சிலில் அழகாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தது. மைக் திறந்திருந்ததை வாத்தியார் மறந்திருக்கிறார். முனுசாமி வேட்டியால் வாயைப் பொத்திக்கொண்டார். பச்சையம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறி, மல்லிகாவே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியிருந்தது.

வாத்தியார் அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்தார். கணக்கு வாத்தியார், நேர்மையான மனிதர். அதற்கும் ஒரு டிக் போட்டார். மீதியையும் திருத்தினார். இருபது பெயரில் பதினெட்டு, அந்த வரியையும் சேர்த்துப் பத்தொன்பது.

"அப்ப நான் எதுக்குங்க வந்தேன்?" என்றார் முனுசாமி.

"கொல்லையில துணி தொவைக்க ஒரு மேடை கட்டுங்கண்ணே" என்று அடுப்படியிலிருந்தே சொன்னார் மல்லிகா. "குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போவுது. செங்கல்ல ஐயா எடுத்துக் குடுப்பாரு."

ஐயா எடுத்துக் கொடுத்தார். வாசலிலிருந்து ஹால் வழியாக, சமையல் மேடையைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போக வேண்டும். நடைக்கு நாலு செங்கல் வீதம் அறுபது நடை. ஒவ்வொரு நடையிலும் அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போனார். என்னவென்று எனக்குக் காதில் விழவில்லை. மல்லிகா மட்டும் குழம்பைக் கிண்டிக்கொண்டே, ஒன்று விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.